தோல் தொழில் வட்டாரத்தில் குழந்தைகளின் முதல் மொழி: வாலாஜாபேட்டை முதல் ஆம்பூர் வரை

பாலாற்றை ஒட்டியும் அதன் அண்டையிலும் அமைந்த வாலாஜாபேட்டை, இராணிப்பேட்டை, மேல்விஷாரம், வேலூர், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்கள் தமிழ்நாட்டின் தோல் தொழில் வட்டாரம் என அறியப்படுகின்றன. இவ்வூர்களின் வணிகம், ஏற்றுமதி, ஆற்று நீர் மாசு ஆகியவை பற்றி நிறைய எழுதப்பட்டுள்ளது. இங்கு பிறக்கும் குழந்தை முதல் ஐந்தாறு ஆண்டுகளில் யாரிடமிருந்து, எந்த மொழியில் பேசக் கற்கிறது என்பது குறைவாகவே எழுதப்பட்ட செய்தி.

குழந்தைக்கு மொழி வருவதற்கு மூன்று வேண்டும்: பக்கத்தில் ஓர் ஆள், அந்த ஆளுக்குப் பேச நேரம், அவர் பேசும் மொழிக்கு வெளியே ஒரு மதிப்பு. இவ்வட்டாரத்தில் கடந்த 200 ஆண்டுகளில் இம்மூன்றும் மாறியுள்ளன. மாற்றியவை பெரும்பாலும் தொழிலும் பள்ளியும். வீட்டைக் குறை சொல்லித் தொடங்கும் கல்விப் பேச்சுகள் இந்த வரலாற்றைக் கவனிப்பதில்லை.

பல மொழிகளின் ஊர்

வாலாஜாபேட்டை ஆற்காட்டு நவாப் முகம்மது அலி வாலாஜாவின் பெயரால் அமைந்தது. அவருடைய ஆட்சிக்காலம் 1749 முதல் 1795 வரை. வணிகர்களும் நெசவாளர்களும் குடியேறி அதைப் பெரிய சந்தை ஊராக்கினர். 1856 ஜூலை 1 அன்று தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ராயபுரத்திலிருந்து புறப்பட்டு வாலாஜா ரோடு வரை வந்தது. 1866இல் ஊர் நகராட்சியாயிற்று.

சந்தை ஊரில் ஒரே மொழி இருக்க முடியாது. தமிழ், தெலுங்கு, தக்கினி எனப்படும் உருது, பட்டு நெய்யும் குடும்பங்களின் சௌராஷ்டிரம் ஆகிய நான்கும் வாலாஜாபேட்டைத் தெருக்களில் புழங்கின. தியாகராஜரின் சீடர்களில் ஒருவரான வாலாஜாபேட்டை வேங்கடரமண பாகவதர் (1781–1874) சௌராஷ்டிரர். அவருடைய குருவின் கீர்த்தனைகள் தெலுங்கில் அமைந்தவை. அவர் வாழ்ந்த ஊரின் கடைத்தெரு தமிழ் பேசியது. பாகவதரும் அவர் மகன் கிருஷ்ணசாமி பாகவதரும் எழுதிச் சேர்த்த சுவடிகளும் கையெழுத்துப் படிகளும் மதுரை சௌராஷ்டிர சபையில் பாதுகாக்கப்பட்டு வருகின்றன. தியாகராஜரின் வாழ்க்கையை அறிய உதவும் முதன்மைச் சான்றுகளில் அவையும் அடங்கும்.

இசை வரலாற்றுக்கு அப்பால் இச்செய்தியில் வேறொன்றும் இருக்கிறது. சௌராஷ்டிர மொழி தமிழ்நாட்டில் பல நூற்றாண்டுகளாகப் பேசப்படுகிறது. அதைக் கற்றுக்கொடுக்கப் பள்ளிகள் ஏறக்குறைய இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மதுரையைச் சேர்ந்த தொ. மு. இராமராய் எழுத்தைச் சீர்ப்படுத்தி அச்சு நூல்கள் கொண்டுவந்தார். ஆனாலும் அம்மொழி பேசுவோரில் பெரும்பாலோர் தமிழிலேயே எழுதப் படிக்கிறார்கள். அரசு ஆதரவு, பாடநூல், தேர்வு எதுவும் இன்றி ஒரு மொழி இத்தனை தலைமுறைகளைக் கடந்திருக்கிறதென்றால், தறியடியில் உட்கார்ந்து பிள்ளைகளோடு அம்மொழியில் பேசிய தாய்மாரும் பாட்டிமாருமே அதற்குக் காரணம். வீட்டின் மொழி கற்பிக்கும் ஆற்றலுக்கு இதைவிடத் தெளிவான சான்று தேட வேண்டியதில்லை.

அரிசியில் எழுதிய எழுத்து

சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822 ஜூனில் ஒரு கணக்கெடுப்புக்கு உத்தரவிட்டார். ஒவ்வொரு மாவட்டத்திலும் எத்தனை பள்ளிகள், எந்தெந்த மொழியில், எத்தனை பிள்ளைகள் என்று ஆட்சியர்கள் அறிக்கை அனுப்பினர். வட ஆற்காடு அனுப்பிய பதிலில் தமிழ்ப் பள்ளிகள், தெலுங்குப் பள்ளிகள், பாரசீகப் பள்ளிகள் தனித்தனியே காட்டப்பட்டன. 1826 மார்ச்சில் மன்றோ எழுதிய குறிப்பின்படி மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்தன.

அக்குறிப்பில் அதிகம் பேசப்படாத ஒரு பகுதி வீட்டுக் கல்வி பற்றியது. சென்னை நகரில் உறவினராலோ தனி ஆசிரியராலோ வீட்டிலேயே கற்பிக்கப்பட்ட பிள்ளைகளின் தொகை 26,000க்கும் மேல்; பள்ளிக்குச் சென்றவர்களைப் போல அது ஐந்து மடங்குக்கும் அதிகம். மற்ற மாவட்டங்களில் இவ்விகிதம் இந்த அளவு இராது என்று மன்றோவே எண்ணினார். ஆயினும் பள்ளிகளை மட்டும் எண்ணிக் கல்வியை அளக்க முடியாது என்பதை அவர் ஒப்புக்கொண்டார். தரம்பால் 1983இல் இந்த ஆவணங்களைத் தொகுத்து வெளியிட்ட பின்னரே இவை பரவலாகப் படிக்கப்பட்டன.

அதே கணக்கெடுப்பில் பெல்லாரி ஆட்சியர் காம்ப்பெல் 1823இல் அனுப்பிய அறிக்கை மிக விரிவானது. ஐந்து வயதில் குழந்தை பள்ளிக்குச் செல்லும் முன், ஆசிரியரும் மற்றப் பிள்ளைகளும் அதன் வீட்டுக்கு வருவார்கள். பிள்ளையார் முன் அமர்த்தி, ஆசிரியர் குழந்தையின் விரலைப் பிடித்து அரிசியில் எழுத வைப்பார். மறுநாளே பள்ளி. ஆக, முதல் எழுத்து எழுதப்பட்ட இடம் வீடு. பள்ளி வீட்டைத் தேடி வந்தது.

காம்ப்பெல் பாராட்டு மட்டும் எழுதவில்லை. பிள்ளைகள் நூற்றுக்கணக்கான செய்யுட்களை ஒப்பிக்கிறார்கள், ஆனால் அந்த நடை வீட்டில் பேசும் நடையிலிருந்து வெகு தொலைவில் இருப்பதால் பொருள் விளங்காமல் கிளியைப் போலச் சொல்கிறார்கள் என்பது அவருடைய குறை. வேறொன்றையும் கூர்மையாகக் கண்டார். ஐரோப்பியத் துணிகளால் உள்ளூர் நெசவு நசிந்து, நடுத்தர, ஏழைக் குடும்பங்கள் பள்ளிச் செலவைத் தாங்க முடியாமல் போயின. பிஞ்சுக் கைகளின் உழைப்பும் வீட்டுக்குத் தேவைப்பட்டது. அவர் எழுதியது பெல்லாரியைப் பற்றி. நெசவை நம்பிய வாலாஜாபேட்டைக்கும் அது அந்நியமான செய்தி அன்று.

உருது பேசும் முஸ்லிம் குடும்பங்களில் எழுத்துத் தொடக்கத்துக்கு வேறொரு சடங்கு உண்டு. குழந்தைக்கு நான்கு வயது, நான்கு மாதம், நான்கு நாள் நிறையும்போது நடக்கும் பிஸ்மில்லா விழா அது. பெரியவர் ஒருவர் சொல்லச் சொல்லக் குழந்தை திருப்பிச் சொல்லும். விசயதசமியன்று நெல்லில் எழுதுவதும் இதுவும் ஒரே கருத்தின் இரு வடிவங்கள். உறவினர் கூடி நிற்க, குழந்தை பிறர் சொல்வதைக் கேட்டுத் தன் வாயால் சொல்கிறது.

தால், சப்பாணி, அம்புலி

எழுத்துக்கு முன் பேச்சு. குழந்தையின் பேச்சு வளர்ச்சியைத் தமிழ் மரபு எப்படிக் கவனித்தது என்பதற்குப் பிள்ளைத்தமிழ் என்ற சிற்றிலக்கிய வகையே ஆவணம். அதன் பத்துப் பருவங்களில் முதல் ஏழு காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வாரானை, அம்புலி என்பவை. இவை ஆண்பால், பெண்பால் இரண்டுக்கும் பொது. தால் என்றால் நாக்கு. தாலாட்டு என்ற சொல்லுக்கும் நாவை அசைத்துப் பாடுதல் என்றே பொருள் சொல்வர். சப்பாணி என்பது கைகொட்டல்: தாய் கொட்ட, குழந்தை பார்த்துக் கொட்டும். வாரானையில் தாய் அழைக்க, குழந்தை அடியெடுத்து வரும்.

அம்புலிப் பருவத்தில் தாய் நிலவைச் சுட்டிக் காட்டி அதைக் குழந்தையோடு விளையாட அழைக்கிறாள். குழந்தையின் கண் தாயின் விரலைத் தொடர்ந்து நிலவுக்குப் போகிறது. அதே நேரத்தில் 'நிலா' என்ற சொல் காதில் விழுகிறது. இருவர் ஒரே பொருளை ஒரே நேரத்தில் கவனிப்பதுதான் சொல் கற்பதன் அடித்தளம் என்று இன்றைய குழந்தை உளவியல் கூறுகிறது. புலவர்களுக்கு அம்புலி புலி என்று சொல்வார்கள்; பாடுவதற்கு அவ்வளவு கடினமான பருவம். நிலாச்சோறு ஊட்டும் தாய்க்கு அது அன்றாட வேலை.

வீட்டுப் பேச்சில் இதற்கு இணையானவை பல. மம்மம், தாச்சி, உவ்வா போன்ற குழந்தைச் சொற்கள் உதடும் நாவும் எளிதில் எட்டும் ஒலிகளால் ஆனவை. பெரும்பாலும் இரட்டித்து வருபவை. கதை கேட்கும் குழந்தை 'உம்' கொட்ட வேண்டும் என்பது பாட்டிகளின் நிபந்தனை. உம் நின்றால் கதையும் நிற்கும். கேட்பவர் பங்கெடுக்கும்படி கதை சொல்ல வேண்டும் என்று இன்று ஆசிரியர் பயிற்சிகளில் வலியுறுத்துவதை இந்த ஓரசை நெடுங்காலமாகச் செய்துவந்திருக்கிறது. விடுகதையும் அப்படியே, அதில் குழந்தை பதில் சொல்லியாக வேண்டும்.

எல்லாச் சமூகங்களும் குழந்தையிடம் இவ்வாறு கொஞ்சிப் பேசுவதில்லை. பப்புவா நியூ கினியின் கலூலி மக்கள் கைக்குழந்தையிடம் மழலை மொழியில் பேசுவதில்லை என்று பாம்பி ஷீபெலின் பதிவு செய்தார். அக்குழந்தைகளும் உரிய வயதில் நன்றாகவே பேசுகின்றன. தாலாட்டுப் பாடாத வீட்டில் மொழி வளராது என்று முடிவு கட்டுவது தவறு.

மரியா மாண்டிசோரி 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து போர்க்காலம் முழுவதும் இந்தியாவிலேயே தங்கினார். குழந்தை தன் சூழலிலிருந்து மொழியைத் தானாக உறிஞ்சிக்கொள்கிறது என்ற அவர் கருத்தை விளக்கும் நூல் 1949இல் சென்னையிலிருந்தே முதலில் வெளிவந்தது. அவருடைய பெயர் பின்னாளில் கட்டண மழலையர் பள்ளிகளின் பலகைகளில் ஏறியது. ஏழைக் குழந்தைகளுக்காகவே அவர் ரோம் நகரில் தம் முதல் பள்ளியைத் தொடங்கினார் என்பது மறக்கப்பட்டது.

வீட்டு மொழியும் வகுப்பு மொழியும்

ஆம்பூர், வாணியம்பாடிப் பகுதியில் ஓர் உருதுக் குடும்பத்துக் குழந்தையின் நாளை எண்ணிப் பாருங்கள். வீட்டில் நானியிடம் தக்கினி. அதிலும் 'வேண்டாம்' என்பதற்கு 'நக்கோ' என்னும் தென்னக உருது. பாடநூல் உருது அன்று. மதரசாவில் அரபு எழுத்து. தெருவில் விளையாடத் தமிழ். பள்ளி உருது வழியாகவோ தமிழ் வழியாகவோ ஆங்கில வழியாகவோ இருக்கலாம். ஐந்து வயதில் இத்தனையையும் ஆள் பார்த்து மாற்றிப் பேசும் குழந்தையை, வகுப்பில் ஒரு மொழியில் திக்குகிறது என்பதற்காகப் பின்தங்கியது என்று குறிப்பது அளவுகோலின் பிழை.

தமிழ் வீட்டுக் குழந்தைக்கும் இச்சிக்கல் வேறு வடிவில் உண்டு. வீட்டில் 'வந்துட்டாங்க', புத்தகத்தில் 'வந்துவிட்டார்கள்'. காம்ப்பெல் குறிப்பிட்ட இடைவெளி 200 ஆண்டுகளுக்குப் பின்னும் முதல் வகுப்பில் காத்திருக்கிறது. வீட்டில் யாராவது புத்தகத்தை வாய்விட்டு வாசித்துக் காட்டினால் குழந்தை அந்த நடையைப் பள்ளிக்கு முன்பே காதால் அறிந்துகொள்ளும். அதற்கு வாசிக்கத் தெரிந்த பெரியவரும் வீட்டில் ஒரு புத்தகமும் தேவை.

சட்டம் இப்பிரச்சினையை இரு திசைகளில் இழுத்தது. 1956இல் அரசியலமைப்பில் சேர்க்கப்பட்ட 350அ பிரிவு, மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்க நிலையில் தாய்மொழிக் கல்வி வசதி தரும்படி மாநிலங்களைக் கேட்கிறது. 2006ஆம் ஆண்டின் தமிழ்நாடு தமிழ் கற்றல் சட்டம் 2006–07இல் முதல் வகுப்பில் தொடங்கி ஆண்டுக்கு ஒரு வகுப்பாகத் தமிழைக் கட்டாயமாக்கியது. அந்த முதல் அணி 2016இல் பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு வந்தபோது, உருதும் தெலுங்கும் கற்பிக்கும் சிறுபான்மைப் பள்ளிகள் நீதிமன்றம் சென்று விலக்குப் பெற்றன. தமிழ் கற்க வேண்டும் என்பதில் அங்குள்ள பெற்றோர் பலருக்கு மறுப்பில்லை. தெருவிலும் கடையிலும் அவர்கள் பேசுவது தமிழ்தான். போதிய தமிழாசிரியர் இன்றித் தேர்வு மட்டும் வந்தது என்பதே வழக்கின் சாரம்.

தறி, பீடி, ஷூ

குழந்தையோடு யார் பேசுகிறார்கள் என்பதைத் தொழில் தீர்மானிக்கிறது. கைத்தறி வீட்டில் தாய் தார் சுற்றுவாள், தந்தை குழியில் கால் வைத்து நெய்வார். குழந்தை இருவருக்கும் நடுவில் வளரும். வேலைக்கு இடையே பேச்சு தொடரும். பீடி சுற்றும் வீட்டிலும் ஏறக்குறைய இதே நிலை. வேலூர், குடியாத்தம், பேரணாம்பட்டுப் பகுதிகளில் பெண்கள் மடியில் முறத்தை வைத்து, இலையை வெட்டித் தூளை நிரப்பிச் சுற்றுவார்கள். கை வேலையில் இருக்கும், வாய் ஓய்வாக இருக்கும். அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடும் திண்ணையில் குழந்தையின் காதில் விழும் சொற்களுக்குக் குறைவில்லை. இதை அழகுபடுத்திச் சொல்லவும் கூடாது. அதே காற்றில் புகையிலைத் தூள் உண்டு. கூலி எண்ணிக்கைக்கு என்பதால் நிமிர்ந்து குழந்தையின் முகம் பார்க்கும் நேரம் குறைவு. ஏழெட்டு வயதுச் சிறுமி பள்ளியை விட்டுச் சுற்ற உட்கார்ந்த காலமும் இருந்தது.

தோல் தொழில் முதலில் ஆண்களின் தொழிலாகவே பெரும்பாலும் இருந்தது. 1970களின் தொடக்கத்தில் சீதாராமையா குழுவின் பரிந்துரைப்படி மைய அரசு பச்சைத் தோல், அரைப்பதனத் தோல் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தி, முழுமையாகப் பதனிட்ட தோலையும் தோற்பொருள்களையும் ஊக்குவித்தது. அதன் பின் ஆம்பூர், இராணிப்பேட்டைப் பகுதிகளில் ஷூ கம்பெனிகள் பெருகின. ஷூவின் மேல்பகுதியைத் தைக்கும் பிரிவுகளில் பெண்கள் பெருந்தொகையாகச் சேர்ந்தனர். விடியலில் கம்பெனிப் பேருந்து சுற்றுக் கிராமங்களுக்கு வந்து அவர்களை ஏற்றிச் செல்லும்; வீடு திரும்ப இருட்டிவிடும். கையால் தைக்க வேண்டிய சில வகை மேல்பகுதிகள் வீடுகளுக்கே வந்தன. அவற்றைத் தைக்கும் பெண்களுக்கு ஜோடிக் கணக்கில் சில ரூபாய்களே கூலி.

பெண்ணின் கையில் சம்பளம் வந்தது பெரிய மாற்றம். பிள்ளையின் கட்டணம், புத்தகம், தொலைக்காட்சி எல்லாம் அதிலிருந்து வந்தன. பகல் முழுவதும் குழந்தையோடு இருந்தவர் தாய் என்ற நிலை மட்டும் மாறியது. அவ்விடத்தில் பாட்டியோ, மூத்த அக்காளோ, அங்கன்வாடிப் பணியாளரோ வந்தார். பெற்றோர் பங்கு என்று கல்வித்துறைச் சுற்றறிக்கைகள் எழுதும்போது இந்தப் பாட்டியை நினைப்பதில்லை என்பது வியப்பு.

அரசு அமைப்புகள் வேறு வாசல் வழியாக நுழைந்தன. 1975 அக்டோபர் 2இல் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டமும், 1980இல் உலக வங்கி உதவியுடன் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டமும், 1982 ஜூலை 1இல் எம்.ஜி.ஆரின் சத்துணவுத் திட்டமும் தொடங்கின. மூன்றும் முதலில் வயிற்றைப் பார்த்தன. அது சரியான வரிசையே. பேச்சும் பாட்டும் பின்னர்ப் பாடத்திட்டமாயின. 'ஆடிப் பாடி விளையாடு பாப்பா' என்ற பெயரில் அங்கன்வாடிகளுக்குத் தனிப் பாடத்திட்டம் வந்தது. 2019 ஜனவரியில் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் உள்ள 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் திறக்கப்பட்டன. தனியார் ஆங்கில மழலையர் பள்ளிகளுக்குப் பிள்ளைகள் போய்விடுவதைத் தடுப்பது அதன் நோக்கங்களில் ஒன்று. 2021 அக்டோபர் 27இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வியில் தன்னார்வலர்கள், பெரும்பாலும் அதே தெருப் பெண்கள், மாலையில் பிள்ளைகளைக் கூட்டிப் பாடம் சொன்னார்கள். காம்ப்பெல் கண்ட பழக்கம்போல, பள்ளி மீண்டும் வீட்டு வாசலுக்கு வந்தது.

சொற்களை எண்ணியவர்கள்

1995இல் அமெரிக்காவின் கன்சாஸ் ஆய்வாளர்கள் பெட்டி ஹார்ட், டாட் ரிஸ்லி இருவரும் 42 குடும்பங்களை இரண்டரை ஆண்டுகள் மாதம் ஒரு மணி நேரம் கவனித்து ஒரு நூல் வெளியிட்டனர். வசதியான வீட்டுக் குழந்தை, ஏழை வீட்டுக் குழந்தையைவிட மூன்று கோடி சொற்கள் அதிகம் கேட்கிறது என்பது அதிலிருந்து உலகெங்கும் பரவிய செய்தி. அரசு உதவி பெற்ற ஏழைக் குடும்பங்கள் அவ்வாய்வில் ஆறு மட்டுமே என்பது அந்த அளவுக்குப் பரவவில்லை. 2019இல் டக்ளஸ் ஸ்பெரியும் உடன் ஆய்வாளர்களும் ஐந்து அமெரிக்கச் சமூகங்களை ஆராய்ந்து, வீட்டிலுள்ள எல்லாருடைய பேச்சையும் கணக்கில் எடுத்தால் இடைவெளி பெரிதும் சுருங்குகிறது என்று காட்டினர். மாற்றுக் கருத்தும் உண்டு: காதில் விழும் பேச்சைவிடக் குழந்தையை நோக்கிப் பேசுவதே சொல்வளத்தைக் கூட்டுகிறது என்று 2013இல் வெய்ஸ்லெடர், பெர்னால்ட் ஆகியோர் கண்டனர்.

திண்ணையில் ஆறேழு பெண்கள் பீடி சுற்றும் வீட்டுக்கு இந்த இரண்டு முடிவுகளும் பொருந்தும். அங்கே சொல் பஞ்சம் இல்லை. குழந்தையின் பக்கம் திரும்பி, அது சொன்னதைக் கேட்டு, பதில் சொல்லும் நேரத்துக்குத்தான் பஞ்சம்.

இவ்வட்டாரத்தின் சொந்தச் சான்று வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிடம் இருக்கிறது. எட்டு நாடுகளில் நடந்த மால்-எட் என்னும் ஆய்வின் இந்தியக் களம் வேலூர். 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் நகரின் எளிய குடியிருப்புகளில் பிறந்த ஏறத்தாழ 250 குழந்தைகளைக் களப்பணியாளர்கள் வாரம் இருமுறை வீட்டுக்கே சென்று பார்த்தனர். உடல்நலம், வளர்ச்சி, இரும்புச்சத்து, இரத்தத்தில் ஈயம் ஆகியவற்றோடு வீட்டுச் சூழலையும் அளந்தனர்: குழந்தைக்குப் பெரியவர் பதில் பேசுகிறாரா, விளையாட்டுப் பொருள் உண்டா என்பன போன்றவை. மொழி வளர்ச்சியை வீட்டுப் பேச்சோடு மட்டும் கட்டிவிட முடியாது என்பது இத்தகைய ஆய்வுகளால் தெளிவாகிறது. இரத்தசோகை உள்ள குழந்தையிடமும், சோர்ந்து திரும்பும் தாயிடமும் 'நிறையப் பேசுங்கள்' என்று மட்டும் சொல்வது பாதி அறிவுரை.

மறுபாதியைச் சட்டம் முன்பே எழுதிவைத்தது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், 48ஆம் பிரிவில், பெண் தொழிலாளர் பலர் பணியாற்றும் இடத்தில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் காப்பகம் வேண்டும் என்றது. முதலில் 50 பெண்களுக்கு மேல் என்றிருந்த வரம்பு 1976இல் 30 ஆகக் குறைக்கப்பட்டது. குழந்தை வளர்ப்பில் பயிற்சி பெற்ற பெண்ணின் பொறுப்பில் காப்பகம் இருக்க வேண்டியிருந்தது. தாய் இடைவேளையில் வந்து பாலூட்டலாம் என்றிருந்தது. ஆனால் விடியற்காலைப் பேருந்தில் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வர எத்தனை பேரால் முடியும்? பலர் பிள்ளையைப் பாட்டியிடமே விட்டு வருகிறார்கள்.

பெண்களை மட்டும் எண்ணிய இவ்விதியில் வேறொரு விளைவும் உண்டு. குழந்தையைப் பார்ப்பது தாயின் வேலை என்று அது எடுத்துக்கொண்டது. வரம்பைத் தாண்டாதபடி பெண்களின் தொகையைக் குறைத்து வைக்கவும் நிறுவனங்களுக்கு அது இடம் தந்தது. 2020இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய பணியிடப் பாதுகாப்பு, நலவாழ்வு, பணிச்சூழல் தொகுப்புச் சட்டம் கணக்கை மாற்றியது. அதன்படி 50 தொழிலாளருக்கு மேல் இருந்தால் காப்பகம். அவர்கள் ஆணா பெண்ணா என்று எண்ண வேண்டியதில்லை. தோல் பதனிடும் கூடத்தில் வேலை செய்யும் தந்தையும் தன் பிள்ளையை அங்கே விடலாம்.